முதல் நல்ல வாட்ச்: குமரி மாவட்டத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்கு வாட்ச் கடை கிடையாது. பதினைந்து வருடமாக வாங்கி, விற்று, ஒன்றிரண்டைக் கெடுத்தும் பழகியவன். அதனால் கோட்டாறிலிருந்து களியக்காவிளை வரை தெரிந்தவர்கள் யாராவது பணத்தைச் சேர்த்துவைத்தால் முதலில் எனக்குத்தான் போன் வரும். ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு. தினமும் கட்டுகிற வாட்ச் என்றால் நம் மழைக்கும் வியர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் பயந்து கழற்றிவைக்கிற மாதிரி இருக்கக்கூடாது. கடையில் ஏசிக்குக் கீழே எல்லா வாட்சும் அழகுதான்.

கொள்ளாம், ஆனா கையில கட்டுற சாமானுக்கு இவ்வளவு ரூவாயா? எதுல இருந்து லக்சுரின்னு சொல்லுவீங்க?

யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. நான் இங்கே பேசுவது ஏறத்தாழ அறுபது, எழுபதாயிரத்தில் தொடங்கி ஏழெட்டு லட்சத்தில் முடிகிற வாட்சுகளைப் பற்றி. அதற்கு மேலே உள்ளவை வேறு உலகம், அங்கே எனக்கு வேலை இல்லை.

நேரம் தெரிந்தால் போதும் என்பவர் இதைப் படிக்க வேண்டாம். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் செய்து தரும் வாட்ச் உங்கள் ஆயுசுக்கும் நேரம் காட்டும். கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்றால், முள்ளின் விளிம்பு வரை தேய்த்து மெருகேற்றிய வேலைக்கு, செயினின் ஒவ்வொரு கண்ணியும் ஆடாமல் உட்காரும் துல்லியத்துக்கு, முப்பது வருடம் கழித்தும் பிரித்துப் பூட்ட முடிகிற இயந்திரத்துக்கு. ஒரு பங்கு பெயருக்கும் போகிறது. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இஎம்ஐயில் மட்டும் வாங்காதீர்கள். தவணை முடியும்வரை நேரம் பார்க்கும்போதெல்லாம் பேங்க்தான் நினைவுக்கு வரும்.

செல் போட்டதா, ஆட்டோமேட்டிக்கா?

செல் வாட்சுக்குள் ஒரு குட்டி குவார்ட்ஸ் கல் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த அதிர்வை எண்ணித்தான் முள் நகர்கிறது. 1969 டிசம்பர் 25ஆம் தேதி சீக்கோ இப்படிப்பட்ட முதல் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் ஸ்விஸ் தொழிலே ஆட்டம் கண்டது. துல்லியத்தில் செல் வாட்சை எந்த ஆட்டோமேட்டிக்கும் ஜெயிக்காது.

ஆட்டோமேட்டிக்கில் செல் கிடையாது. கை அசையும்போது உள்ளே ஒரு அரைவட்டத் தகடு சுற்றி, சுருள்வில்லை முறுக்கிவைக்கும். அப்பா தினமும் காலையில் சாவி கொடுத்த எச்எம்டி ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சாவி கொடுக்கும் வேலையைக் கையே செய்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போதைய இயந்திரங்களில் பல, மணிக்கு 28,800 துடிப்பு. அதனால்தான் நொடிமுள் டிக் டிக் என்று குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது.

என் கட்சி ஆட்டோமேட்டிக். ஆனால் தினமும் ரப்பர் பால்வெட்டுக்கோ, புல்வெட்டும் மிஷினைப் பிடிக்கவோ போகிறவர் என்றால் செல் வாட்சே வாங்குங்கள். அந்த அதிர்வும் தட்டலும் ஆட்டோமேட்டிக்குக்கு ஆகாது. கிராண்ட் சீக்கோவின் 9எஃப் வகை செல் இயந்திரம் வருடத்துக்கே பத்து நொடிக்குள்தான் பிசகும். செல் என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் அதைக் காட்டுங்கள்.

பைக் ஓட்டுவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நம் ரோட்டையும் தாங்கும்.

ஆட்டோமேட்டிக்கில் வேறென்ன பார்க்கணும்?

கழற்றிவைத்தால் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேளுங்கள். சாதாரண ஸ்விஸ் இயந்திரம் 38 மணி நேரத்தை ஒட்டி ஓடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கழற்றி, திங்கள் காலை எட்டுக்குக் கட்டினால் இடையில் 62 மணி நேரம். ஆபீஸுக்கு மட்டும் கட்டுகிறவர் 70, 80 மணி நேரம் ஓடுவதை எடுப்பது நல்லது. ஒவ்வொரு திங்களும் நேரமும் தேதியும் வைத்துக்கொண்டிருந்தால் மூன்றாம் மாதம் அது பீரோவுக்குள் போய்விடும்.

30 மீட்டர்னு பின்னால போட்டிருக்கு. குளிக்கலாமா?

கூடாது. எல்லோரும் ஏமாறும் இடம் இது. முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. அசையாத நீரில், சோதனைக்கூடத்தில், அத்தனை அழுத்தத்தைத் தாங்கியது என்பதே செய்தி. நிஜத்தில் கை கழுவலாம், சாரலில் நனையலாம். 50 மீட்டரும் எனக்கு நம்பிக்கை தருவதில்லை. இங்கே தினமும் கட்டுவதற்கு 100 மீட்டர், கூடவே பக்கவாட்டில் சாவி கொடுக்கும் குமிழ் திருகி மூடுவதாக இருந்தால் இன்னும் நல்லது. 100க்குக் கீழே இறங்காதீர்கள். கடலில் குளிக்கிற பழக்கம் இருந்தால் 200. ஐஎஸ்ஓ 6425 என்னும் சர்வதேசத் தரப்படி சோதித்த, கடலில் மூழ்குகிறவர்களுக்கான டைவர் வாட்ச் என்றால் கவலையே இல்லை.

குமிழ் என்று சொன்னேன். அதில் நான் கொடுத்த விலை கொஞ்சமல்ல. என் முதல் நல்ல வாட்ச், 100 மீட்டர் தாங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேதி மாற்றிவிட்டு, குமிழை உள்ளே தள்ளினேன், திருகவில்லை. அப்படியே குடும்பத்தோடு திற்பரப்பு. அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்து, கையை மேலே தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். வெளியே வந்து பார்க்கிறேன், கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பிடித்த மாதிரி ஒரு வெள்ளைப் படலம். ஆறு மணிக்கு நேராக ஒரு துளி, கையைச் சாய்த்தால் அதுவும் சாய்கிறது. வீட்டுக்கு வந்து அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. மூன்றாம் நாள் தேதித் தகட்டின் ஓரத்தில் துரு. இயந்திரத்தை முழுசாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. தப்பு வாட்சுடையது இல்லை, என்னுடையது. அன்று முதல் தண்ணீரைப் பார்த்தாலே விரல் தானாகக் குமிழைத் தொட்டுப் பார்க்கிறது.

உள்ளே பனி தெரிந்தால் அரிசியை நம்பாமல் அன்றே பிரித்துக் காயவைக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். வெந்நீர்க் குளியலும் வேண்டாம். நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைச் சூடு இளக்கிவிடும். அந்த வளையம் நாளாக நாளாகக் காய்ந்தும் போகும். வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

நம்ம ஊர் உப்புக்காத்துல எந்த உலோகம் தாங்கும்?

குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வருடத்தில் பெயின்டைத் தள்ளிக்கொண்டு துரு வெளியே வரும். அந்தக் காற்றுதான் உங்கள் கையிலும் படுகிறது.

நல்ல வாட்சுகளில் பெரும்பாலும் 316 எல் என்னும் ஸ்டீல். உப்பை நன்றாகவே தாங்கும். ரோலெக்ஸ் 904 எல் வகையைப் பயன்படுத்துகிறது, அது இன்னும் ஒரு படி மேல். எந்த ஸ்டீலானாலும் செயின் கண்ணிகளுக்கு நடுவே உப்பும் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து கறுப்பாகப் படிந்தால் நாளடைவில் அரிக்கும். கடலுக்குப் போய்வந்தால் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். மாதம் ஒருமுறை, குமிழ் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, பழைய டூத் பிரஷும் ஒரு சொட்டு சோப்பும். முதல் தடவை வருகிற அழுக்கைப் பார்த்து நீங்களே முகம் சுளிப்பீர்கள்.

தங்க முலாம் பூசியது வேண்டவே வேண்டாம். வியர்க்கிற கைக்கு அது சில வருடத்தில் ஓரங்களில் வெளுக்கும். தங்க நிறம்தான் வேண்டும் என்றால் கெட்டித் தங்கம், இல்லையென்றால் ஸ்டீல்.

எனக்குப் பிடித்தது டைட்டானியம். ஸ்டீலின் எடையில் பாதிக்குச் சற்றுக் கூடுதல்தான் இருக்கும், உப்பு அதை ஒன்றும் செய்யாது, நிக்கல் ஒவ்வாமையால் கை சிவந்து அரிக்கிறவர்களுக்கும் ஏற்றது. சீக்கிரம் கீறல் விழும், அது ஒரு குறை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டைட்டானியம் எடுக்கும் கனிமமான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சி மணலில் கறுப்புக் கறுப்பாகக் கிடக்கிறது. டைவர் வாட்சின் முகப்பைச் சுற்றியுள்ள பீங்கான் வளையத்துக்கு மூலமான சிர்க்கானும் அதே மணலில்தான். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இங்கே மோனசைட் என்னும் கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். நம் கடற்கரை மணலைக் கொண்டுபோய் வாட்சாக்கி நமக்கே விற்கிறார்கள் என்று சங்குத்துறையில் உட்கார்ந்து நண்பர்களிடம் சொல்வேன். நிஜத்தில் இல்மனைட்டில் பெரும்பங்கு வெள்ளைப் பெயின்டுக்குத்தான் போகிறது.

அந்த மணல் கண்ணாடியைக் கீறுமா?

சஃபையர் கண்ணாடியைக் கீறாது. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் சஃபையர் 9. நம் மணலில் உள்ள குவார்ட்ஸ் 7, சிர்க்கான் 7.5. சாதாரண மினரல் கண்ணாடி குவார்ட்ஸுக்கும் கீழே, அதனால் ஒரே சீசனில் கோடு விழும். இந்த விலையில் சஃபையர் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். ஸ்டீல் மணலைவிட மென்மைதான், அதில் கீறல் விழத்தான் செய்யும். துணியால் துடைக்கும் முன் மணலைத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். துடைத்தால் உப்புத்தாளால் தேய்த்த கதை.

எனக்கு எந்த அளவு சரியா இருக்கும்?

ஒரு நூலை மணிக்கட்டில் சுற்றி, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். ஆறரை, ஏழு அங்குலம் என்றால் 36 முதல் 40 மில்லிமீட்டர் டயல். ஆறுக்குக் கீழே என்றால் 34, 36. அதைவிட முக்கியம், ஸ்ட்ராப் மாட்டும் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை எவ்வளவு நீளம் என்பது. அந்த முனைகள் மணிக்கட்டைத் தாண்டி வெளியே நீட்டினால் தட்டை வைத்துக் கட்டிய மாதிரி இருக்கும். தடிமன் 12 மில்லிமீட்டருக்குள் இருந்தால் முழுக்கைச் சட்டைக்குள் போகும். ஆண்களுக்குப் பெரிசு, பெண்களுக்குப் பொடிசு என்கிற பேச்சைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். என் அக்கா பத்து வருடமாகக் கட்டுவது 36.

தோலா, செயினா, ரப்பரா?

தோல் ஸ்ட்ராப் இங்கே ஏழெட்டு மாதம். ஆனி ஆடிச் சாரலில் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை என்று இரண்டு மழைக்காலம் நமக்கு. நடுவில் வெயிலும் வியர்வையும். தோல் ஊறி, காய்ந்து, கடைசியில் கழற்றிய கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ச் வாங்கும்போதே செயினோடு வாங்குங்கள். பின்னால் தனியாகச் செயின் வாங்கினால் விலை பலமடங்கு, ஸ்ட்ராப் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். மத்தியானம் கை வீங்கும்போது ஒரு துளி தளர்த்திக்கொள்ள வசதியுள்ள கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். நம் வெக்கைக்கு அது பெரிய வரம்.

ரப்பரில், குலசேகரம்காரர்களிடம் போய் இயற்கை ரப்பர்தான் உசத்தி இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் ஸ்ட்ராப்புக்கு எண்ணெயையும் வியர்வையையும் வெயிலையும் கூடுதலாகத் தாங்குவது எஃப்கேஎம் எனப்படும் செயற்கை ரப்பர். சிலிகோன் ஸ்ட்ராப் தூசியை ஈர்த்துக்கொள்ளும்.

பேரைச் சொல்லுங்க, எதை வாங்கட்டும்?

பணத்தைச் சொன்னால் சொல்கிறேன்.

ஒரு லட்சத்துக்குள் என்றால் டிஸோ பிஆர்எக்ஸ் பவர்மேட்டிக் 80. நூறு மீட்டர், 80 மணி நேரம், சஃபையர். 35, 40 ஆகிய அளவுகளில் வரும். செயினும் உடலும் ஒன்றாக இறங்கும் அமைப்பு என்பதால் 40 சொல்வதைவிடப் பெரிசாகத் தெரியும், இரண்டையும் கட்டிப்பாருங்கள். அதே காரணத்தால் சாதாரண ஸ்ட்ராப் எதுவும் அதில் ஏறாது.

ஒன்றரை, இரண்டு லட்சத்தை ஒட்டி லான்ஜீன் கான்குவெஸ்ட். நூறு மீட்டர், 72 மணி நேரம், உள்ளே காந்தம் ஏறாத சிலிக்கான் சுருள். நான் அதிகம் பேருக்குச் சொல்வது இதைத்தான். ஆபீஸ், கோயில், கல்யாணம், எதற்கும் உறுத்தாது.

இன்னும் மேலே போகிறவருக்கு ட்யூடர் பிளாக் பே 58, 39 மில்லிமீட்டர், 200 மீட்டர். கடலோரத்தில் இருப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கச் சொல்வேன். ஓமேகா அக்வா டெர்ராவின் பலம் காந்தத்தைத் தாங்குவது, அது ஏன் வேண்டும் என்று கீழே வருகிறது. காந்த வலிமையை அளக்கும் காஸ் கணக்கில் 15,000 வரை தாங்கும் என்று சோதித்து வருகிறது. ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் பெர்பெச்சுவல் அருமையான வாட்ச், ஆனால் கடையில் போய்க் கேட்டதும் எடுத்துத் தரமாட்டார்கள், பெயரைப் பதிந்து காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்காக வேண்டாத நகையும் வாட்சும் வாங்கி உறவு வளர்க்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கார்ட்டியே டாங்க் கேட்பவர்களும் உண்டு. 1917இல் வரைந்த அழகு, இன்றும் குறையவில்லை. ஆனால் 30 மீட்டர். ஏசி அறையில் இருந்து ஏசி காருக்குப் போகிறவருக்குச் சரி. வடசேரி பஸ் ஸ்டாண்டில் மழையில் நிற்கிறவருக்கு இல்லை.

அண்ணன் துபாயில இருக்கான். அங்க வாங்கி வரச்சொன்னா லாபமா?

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. வாங்கலாம், பில்லும் உத்தரவாத அட்டையும் தேதி, சீரியல் எண்ணோடு இருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கையில் கட்டிவந்தால் வரி இல்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புதிய வாட்ச் கையில் இருந்தாலும் பையில் இருந்தாலும் சுங்கத்துக்கு ஒன்றுதான். வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பைத் தாண்டினால் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நீங்களே சொல்லி வரி கட்டிவிடுவது உத்தமம். வரியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் பல மாடல்களில் லாபம் கரைந்துவிடும். இன்னொன்று: இங்கே வாங்கிய விலையுயர்ந்த வாட்சைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போகிறவர், போகும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பி வரும்போது வாக்குவாதம் இருக்காது.

இங்கே வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி விலைக்குள்ளேயே இருக்கும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பத்து லட்சத்தைத் தாண்டினால் 2025 ஏப்ரல் 22 முதல் ஒரு சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. ஸ்விஸ் வாட்சுக்கான சுங்கவரி அதன்படி ஏழு வருடத்தில் படிப்படியாக இறங்கும். அதற்காக ஏழு வருடம் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட்?

முதல் வாட்ச் என்றால் வேண்டாம். போலிகள் இப்போது பின்மூடியைத் திறந்தால்தான் தெரியும் அளவுக்கு வந்துவிட்டன. கட்டாயம் வாங்குவதென்றால் விற்பவரைப் பாருங்கள், பிறகு வாட்சைப் பாருங்கள்.

வாங்கி ஒரு மாசம்தான் ஆகுது, திடீர்னு தினமும் அஞ்சு நிமிஷம் ஓடிப்போகுது. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் காந்தம். போன் உறை, டேப்லெட் மூடி, ஸ்பீக்கர், இவற்றின் மேல் ராத்திரி முழுக்க வைத்தால் உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருள் காந்தமேறி ஒட்டிக்கொள்ளும், வாட்ச் தலைதெறிக்க ஓடும். காந்தம் நீக்கும் சின்னப் பெட்டி வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் எவரிடமும் இருக்கும், ஒரு நிமிட வேலை. ஒரு நண்பர் இதே புகாரோடு கடையில் சண்டை போடக் கிளம்பினார். அவர் வாட்சைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் முள் சுற்றியது. விஷயம் அங்கேயே முடிந்தது.

நாளுக்கு நாலைந்து நொடி கூடுவதும் குறைவதும் கோளாறு இல்லை. துல்லியத்தைச் சோதிக்கும் ஸ்விஸ் அமைப்பான சிஓஎஸ்சியின் சான்றுக்காக இயந்திரத்தைப் பதினைந்து நாள், ஐந்து நிலைகளில், 8, 23, 38 டிகிரி வெப்பத்தில் சோதிக்கிறார்கள். அதற்குப் பிறகும் நாளுக்கு 4 நொடி பின்தங்கலாம், 6 நொடி முந்தலாம் என்பதே விதி. ஒரு நாளில் 86,400 நொடி இருக்கிறது, பாவம், விட்டுக்கொடுங்கள்.

சர்வீஸ் எத்தனை வருஷத்துக்கு ஒருக்க? இங்க கிடைக்குமா?

ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள், கம்பெனியைப் பொறுத்து. செலவு பல ஆயிரங்கள், வாங்கும்போதே அதையும் மனதில் ஒதுக்கிவையுங்கள். ஸ்டாப் வாட்ச் பொத்தான்கள் உள்ள மாடல் என்றால் இன்னும் கூடும், முதல் வாட்சில் அந்தச் சிக்கல் எதற்கு?

நம் ஊரில் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பழைய கைகளுக்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன். அப்பாவின் எச்எம்டி இன்றும் ஓடுவது அவர்களில் ஒருவரால்தான். ஆனால் 100 மீட்டர் வாட்சின் பின்மூடியைத் திறந்தால், வளையம் மாற்றி அழுத்தச் சோதனை செய்யாமல் மூடக்கூடாது. அந்த மிஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு, இன்சூரன்ஸோடு கூரியரில்.

மாப்பிள்ளைக்கு வாங்குறோம். சர்ப்ரைஸா கொடுக்கலாமா?

வாட்ச் சர்ப்ரைஸாக இருக்கலாம், மணிக்கட்டு அளவு சர்ப்ரைஸாக இருக்கக்கூடாது. அவர் தம்பியிடம் கேளுங்கள். பின்மூடியில் பெயர் வெட்டுவதை நிச்சயமான பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இது முதலீடா? விலை ஏறுமா?

இல்லை. கடையை விட்டு வெளியே வந்ததும் பெரும்பாலானவை இறங்கும். முதலீடு வேண்டும் என்றால் பவுன் வாங்குங்கள், நம் வீட்டுப் பெண்களுக்கு அது எப்போதோ தெரியும்.

ரெண்டு நாள் கட்டலை, நின்னுபோச்சு. என்ன செய்யணும்?

ஆட்டி ஆட்டி ஓடவைக்காதீர்கள். குமிழைத் தளர்த்தி, இருபது முப்பது சுற்றுச் சாவி கொடுங்கள். பிறகு முள்ளை ஆறரைக்குக் கொண்டுவந்து தேதியை வையுங்கள், அதன்பின் நேரம். ராத்திரி ஒன்பதுக்கும் விடியற்காலை மூன்றுக்கும் இடையில் முள் நிற்கும்போது தேதியைத் திருகினால் பல இயந்திரங்களில் பல்சக்கரம் உடையும். முடிந்ததும் குமிழைத் திருகி மூடுங்கள், திற்பரப்பு கதை ஞாபகம் இருக்கட்டும்.

நேரத்தை எதைப் பார்த்து வைப்பது?

போனைப் பார்த்து. 1893இல் திறந்த நம் நாகர்கோவில் மணிக்கூண்டைப் பார்த்து வைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அதுவும் செல் இல்லாமல், எடை கீழிறங்கும் இழுப்பில் ஓடுகிற இயந்திரம், நம் கையில் இருப்பதற்குத் தாத்தா முறை. ஆனால் வடசேரியில் பஸ் கண்டக்டரின் போன் நேரத்துக்குத்தான் கிளம்புகிறது.